படைத்தலைவர் ஜோர்ஜ் வாஷிங்டன்

நாம் கீழ்வகுப்பிற் சரித்திரம் கற்ற காலத்தில் ஜோர்ஜ் வாஷிங்டனைப் பற்றி அறிந்திருந்தது ஒரேயொரு கதை. சிறுவராயிருந்தபோது தந்தையாரின் செரி மரத்தைக் கைக்கோடரியால் வெட்டினாரென்பதும், தந்தையார் வினவியபோது பொய் சொல்ல மாட்டாது உண்மையை ஒப்புக்கொண்டாரென்பதும் அக்கதை. பின்னாளில் நூல்களைத் துருவியபோது, வாஷிங்டன் இறந்து சில ஆண்டுகள் கழிந்தபின் வீம்ஸ் என்னும் பாதிரியார் ஒருவர் தாம் எழுதிய சரிதத்தின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பிலே அதனைப் புதிதாகச் சேர்த்தாரென்றும், அதற்குத் தக்க ஆதாரம் யாதுமில்லையென்றும் கண்டு சிறிது ஏமாற்றமடைந்தோம். வாய்மைக்கு எடுத்துக்காட்டாக நமக்குக் கூறப்பட்ட கதை தானே வாய்மையுடையதன்று என்பது நகைப்புக்கிடமானதே. ஆயினும், அம்மரத்தை விட்டொழித்து அம்மனிதரை அணுகிய பின்னரே அவர்பால் எமக்கு மெய்யான மதிப்பு உண்டாயிற்று. அம்மதிப்போடு ஒரு மனக்குறையும் உடன் உண்டாயிற்று. இரண்டையும் மறையாது இம்மலரின் வாசகர்களுக்குக் கூற விழைகின்றோம்.

வட அமெரிக்காவின் கீழ்க்கரையில் ஆங்கிலேயர் அமைத்த குடியேற்ற நாடுகளுள் மூத்ததாகிய வேர்ஜினியாவில், 1732ஆம் ஆண்டு பெப்புருவரி 22ஆம் திகதி வாஷிங்டன் பிறந்தார். தந்தையார் ஒகஸ்டினுக்கு இரண்டாந் தாரத்து மூத்த மகன் அவர். முதற் றாரத்துப் பிள்ளைகள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்றுக் கல்வி கற்றனர். ஜோர்ஜுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. 1743இல், அவருக்குப் பதினொரு வயதாயிருந்தபோது தந்தையார் காலமானார். முதுசமாக அவருக்குக் கிடைத்தவை ஒரு கமமும், பத்து அடிமைகளும். பதினொரு வயதுப் பாலகன் பத்து மனிதருக்கு உடைமையாளன் ஆனமையை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். இச்சரிதத்தின் இறுதியில் மீண்டும் அவர்களிடம் வருவோம்.

கல்லூரி வாசலை மிதியாதவர் வாஷிங்டன். கணிதத்தைத் தாமே கற்று, நிலமளக்கும் தொழிலிற் பயின்று, 1749இல் பதினேழு வயதிலே ஒரு மாவட்டத்தின் நில அளவையாளராக நியமனம் பெற்றார். சங்கிலியும் திசைகாட்டியுங் கொண்டு காடும் மலையும் திரிந்த அக்காலமே அவருக்குக் கல்லூரியாயிற்று. உயர்கல்வி பெறாத குறை அவரை வாழ்நாள் முழுதும் வருத்திற்று என்றே எண்ண வேண்டியிருக்கின்றது. வேர்ஜினியாச் சபையார் தமக்குக் கொடுத்த கால்வாய்க் கம்பனிப் பங்குகளை 1796இல் லிபேட்டி ஹோல் என்னும் சிறு கலாசாலை ஒன்றுக்கு அவர் அளித்துவிட்டார். இன்று வாஷிங்டன் அன்ட் லீ பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றிருப்பது அக்கலாசாலையே. கல்லூரி மலர் ஒன்றிலே இதனைச் சொல்லாது விடுதல் தகாது.

மூத்த தாரத்துத் தமையனார் லோறன்ஸ் அவருக்குத் தந்தைபோல் இருந்தார். காசநோயுற்ற தமையனாருடன் 1751இல் பார்படோஸ் தீவுக்குச் சென்றவிடத்து ஜோர்ஜுக்கு வைசூரி கண்டது. பிழைத்தெழுந்தார். முகத்திலே சில தழும்புகள் எஞ்சின. இந்நோய் பிற்காலத்தில் ஒரு படையையே காத்தமையைப் பின்னர்க் காண்போம். மறு ஆண்டு லோறன்ஸ் இறந்தார். மவுண்ட் வேர்ணன் என்னும் அவருடைய காணியும் வீடும் காலக்கிரமத்தில் ஜோர்ஜைச் சேர்ந்தன.

அவருடைய போர்த்தொழில் தோல்வியிலே தொடங்கிற்று. ஒகையோ ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உரிமை பாராட்டிய காலத்தில், 1754இல் இருபத்திரண்டு வயது வாஷிங்டன் சிறு படையொன்றுடன் சென்று பிரெஞ்சுக் குழுவொன்றைத் தாக்கினார். சில கிழமைகளில் எதிரிகள் பெரும்படையுடன் வந்து சூழ்ந்தனர். பள்ளமான இடத்தில் அவர் அமைத்த மரக்கோட்டைக்குள் மழைநீர் நிறைந்தது. வெடிமருந்து நனைந்தது. தாம் வாசித்தறிய மாட்டாத பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட சரணாகதிப் பத்திரத்தில் ஒப்பமிட்டார். பிரெஞ்சுத் தூதர் ஒருவரைத் தாம் கொலை செய்ததாக ஒப்புக்கொள்ளும் சொல் அப்பத்திரத்தில் இருந்ததென்பது அவருக்குப் பின்னரே தெரியவந்தது. அறியாத மொழியிலுள்ள கடதாசியில் ஒப்பம் வைப்பதால் வரும் கேட்டுக்கு இதனிலும் பெரிய சான்று சரித்திரத்தில் அரிது. அடுத்த ஆண்டு ஆங்கிலத் தளபதி பிரடொக்கின் படை காட்டிலே முறியடிக்கப்பட்டபோது, வாஷிங்டன் ஏறிய குதிரைகள் இரண்டு சுடப்பட்டு வீழ்ந்தன. அவருடைய மேலங்கியை நான்கு குண்டுகள் துளைத்தன. உடம்பில் ஒன்றும் படவில்லை. இத்தனைக்குப் பின்னும் ஆங்கில அரசரின் நிரந்தரப் படையில் ஓர் அதிகாரியாகவேண்டுமென்று அவர் வேண்டியது கிடைக்கவில்லை. குடியேற்ற நாட்டவர் ஒரு படி குறைந்தவரென்று கருதப்பட்ட காலம் அது. அவ்வேண்டுகோளுக்கு அன்று இணங்கியிருந்தால் வாஷிங்டன் ஆங்கிலத் தளபதியாகவே முதுமையடைந்திருக்கவுங் கூடும்.

1759இல் மார்த்தா கஸ்டிஸ் என்னும் செல்வமிக்க கைம்பெண்ணை மணந்து, அவருடைய இரு பிள்ளைகளையும் தம் பிள்ளைகளாக வளர்த்தார். தமக்கெனப் பிள்ளைகள் பிறக்கவில்லை. புகையிலைச் செய்கையில் ஈடுபட்டார். புகையிலை மண்ணை எவ்வாறு உறிஞ்சுமென்பதும், செய்கைக்காரன் எவ்வாறு முன்கடனுக்குள் விழுவானென்பதும் யாழ்ப்பாணத்தாருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வேர்ஜினியாக் கமக்காரர் புகையிலையை இலண்டன் முகவருக்கு அனுப்புவர். முகவர் தாம் விரும்பிய விலைக்கு விற்று, தாம் விரும்பிய விலைக்குத் துணியும் தளபாடமும் அனுப்புவார். கணக்கு எப்பொழுதும் கமக்காரருக்கே பாதகமாய் முடியும். வாஷிங்டன் புகையிலையைக் கைவிட்டுக் கோதுமைக்கு மாறினார். சுதந்திர வேட்கையென்பது உயர்ந்த நூல்களிலிருந்து மாத்திரம் பிறப்பதன்று. கணக்குப் புத்தகத்திலிருந்தும் பிறக்கும்.

ஏழாண்டுப் போரில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வென்றனர். வெற்றியோடு பெருங்கடனும் வந்தது. அக்கடனின் ஒரு பகுதியைக் குடியேற்ற நாட்டவர் தாங்கவேண்டுமென்று இலண்டன் பாராளுமன்றம் தீர்மானித்து, 1765இல் முத்திரை வரி விதித்தது. காணி உறுதி, செய்திப்பத்திரம், சூதாடும் கடதாசி வரையில் எல்லாவற்றுக்கும் முத்திரை. வரியின் தொகை பெரிதன்று. தம் பிரதிநிதி ஒருவரேனும் இல்லாத மன்றம் தம் மடியிற் கைவைக்கலாமா என்பதே வினா. எதிர்ப்பு மூண்டதால் அடுத்த ஆண்டு அவ்வரி நீக்கப்பட்டது. ஆனாற் கண்ணாடி, கடதாசி, தேயிலை முதலியவற்றின்மேல் வேறு வரிகள் வந்தன. 1773 டிசெம்பர் 16ஆம் திகதி இரவு பொஸ்டன் துறையில் கிழக்கிந்தியக் கம்பனியாரின் 342 தேயிலைப் பெட்டிகள் கடலிற் கொட்டப்பட்டன. அது சீனத் தேயிலை. நமது நாட்டிலே தேயிலைப் பெருஞ்செய்கை தொடங்கியது 1867இலேயே. தேயிலையைக் கொட்டியதை வாஷிங்டன் ஆதரித்தாரல்லர். பிறர் உடைமையை அழித்தல் அவருக்கு ஒவ்வாதது. ஆயின் அதற்குத் தண்டனையாகப் பொஸ்டன் துறைமுகத்தையே ஆங்கில அரசு மூடியபோது, அவருடைய மனம் திரும்பிவிட்டது. 1774இல் பிலடெல்பியாவிற் கூடிய முதலாங் காங்கிரசுக்கு வேர்ஜினியாவின் பிரதிநிதிகளுள் ஒருவராகச் சென்றார்.

1775 ஏப்பிரில் 19ஆம் திகதி லெக்சிங்டன், கொன்கோட் என்னும் ஊர்களில் முதல் வெடி தீர்ந்தது. மறுமாதம் கூடிய இரண்டாங் காங்கிரசுக்கு வாஷிங்டன் தமது பழைய படையுடை தரித்துச் சென்றார். அதிகம் பேசாதவர் உடையாற் பேசினார் போலும். யூன் 15ஆம் திகதி அவரைப் படைத்தலைவராகத் தெரிந்தனர். சம்பளம் வேண்டா, செலவுக் கணக்கை மாத்திரம் தந்தாற் போதுமென்று கூறி ஏற்றுக்கொண்டார். அச்செலவுக் கணக்கை எட்டாண்டுகள் தம் கைப்படவே எழுதிவந்தார்.

பொஸ்டனைச் சூழ்ந்திருந்த படையைப் பொறுப்பேற்றவர் கண்டது, படையன்று, துவக்கு ஏந்திய கமக்காரர் கூட்டம். வெடிமருந்தைக் கணக்கெடுத்தபோது ஓராளுக்கு ஒன்பது வெடிக்கு மேற் காணாதென்று தெரிந்தது. இச்செய்தி வெளியே கசிந்தால் யாவும் முடிந்துவிடும். மாதக்கணக்காக அவ்விரகசியத்தைச் சுமந்துகொண்டு எதிரியை மிரட்டியிருந்தார். புத்தகக்கடை நடத்திய இருபத்தைந்து வயது இளைஞர் ஹென்றி நொக்ஸ், மாரிக்காலத்திலே பனிச்சறுக்கு வண்டிகளில் 300 மைல் தூரத்திலிருந்து பீரங்கிகளை இழுத்துவந்து சேர்த்தார். அவை ஒரே இரவில் மேட்டிலேற்றப்பட்டன. 1776 மார்ச் 17ஆம் திகதி ஆங்கிலேயர் பொஸ்டனை விட்டுக் கப்பலேறினர்.

அவ்வெற்றி நீடிக்கவில்லை. யூலை 4ஆம் திகதி காங்கிரஸ் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றது. 9ஆம் திகதி நியூ யோர்க்கிலே படையினர் முன் அது வாசிக்கப்பட்டது. அன்றிரவே மக்கள் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் ஈயச்சிலையைச் சாய்த்தனர். பின்னர் அவ்வீயத்தை உருக்கி 40,000க்கு மேற்பட்ட துவக்குக் குண்டுகளாக்கினர். ஆனால் அதே கோடையில் 30,000க்கு மேற்பட்ட ஆங்கில, ஜேர்மன் படையினர் நியூ யோர்க் துறையில் வந்திறங்கினர். ஓகஸ்ட் 27ஆம் திகதி லோங் ஐலண்ட் போரில் வாஷிங்டன் படுதோல்வியுற்றார். தமது இடப்புறத்து வழியொன்றைக் காவலின்றி விட்டது அவருடைய பிழையே. முன்னால் எதிரி, பின்னால் ஆறு. இரண்டு நாட் கழித்து, மாபிள்ஹெட் என்னும் கடற்கரையூர் மீனவர்கள் இரவிலே வள்ளங்களை ஓட்டி, ஏறக்குறைய 9,000 பேரை அக்கரை சேர்த்தனர். விடியும்போது இன்னும் சிலர் எஞ்சியிருந்தனர். நல்வினையாக மூடுபனி இறங்கி அவர்களையும் மறைத்தது. கரையோர மீனவரின் திறமையை அறிந்த நமது நாட்டாருக்கு இது வியப்பாகத் தோன்றாது. ஆனால் அன்று அவர்கள் தவறியிருந்தால் அமெரிக்கச் சுதந்திரம் அவ்வாற்றங்கரையிலேயே மாண்டிருக்கும்.

நவம்பரில் வாஷிங்டன் என அவர் பெயரையே தாங்கிய கோட்டை வீழ்ந்து 2,800 பேர் வரையிற் சிறைப்பட்டனர். அதனைக் கைவிடுவதா காப்பதா என்று அவர் தயங்கியதன் பயன் அது. நியூ ஜேர்சி வழியே தென்மேற்காகப் பின்வாங்கினார். எதிரிகளை நடத்தி வந்தவர் கோர்ன்வாலிஸ் பிரபு. அப்பெயரை நினைவில் வைத்துக்கொள்க. அமெரிக்கப் படையில் வெறுங்காலோடு நடந்தோர் பலர். போர்வையில்லாதோர் அதனினும் பலர். பெரும்பாலோருடைய சேவைத் தவணை டிசெம்பர் 31ஆம் திகதியுடன் முடிவதாயிருந்தது. காங்கிரஸ் பிலடெல்பியாவை விட்டு ஓடிவிட்டது. புத்தாண்டு பிறக்குமுன் படையே இல்லாத படைத்தலைவராவார் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தம் உறவினருக்கு அந்நாளில் எழுதிய கடிதங்களில் ஆட்டம் முடியுந் தறுவாயில் உள்ளதென அவரே ஒப்புக்கொண்டார்.

நத்தார் இரவிலே, பனிக்கட்டிகள் மிதந்துவந்த டெலவெயர் ஆற்றை 2,400 பேருடனும் பதினெட்டுப் பீரங்கிகளுடனும் கடந்தார். வள்ளமோட்டியோர் முன் கூறிய மாபிள்ஹெட் மீனவரே. நள்ளிரவுக்குள் முடியவேண்டிய காரியம் அதிகாலை மூன்று மணி வரையிற் சென்றது. வேறிடங்களிற் கடக்கவேண்டிய இரு பிரிவுகளும் பனியால் தடைப்பட்டுக் கடக்கவேயில்லை. அவருக்கு அது தெரியாது. கடும் பனிமழையில் ஒன்பது மைல் நடந்தனர். வழியில் இருவர் குளிரில் விறைத்து இறந்தனரென்பர். காலை எட்டு மணியளவில் டிரென்டன் ஊரிலிருந்த 1,500 வரையிலான ஜேர்மன் கூலிப்படையினரைத் தாக்கி, ஏறக்குறைய 900 பேரைச் சிறைப்பிடித்தனர். ஜேர்மன் தளபதி ரோல் மரணகாயமடைந்தார்.

எமக்கு இவ்வெற்றியிலும் பெரிதாகத் தோன்றுவது நாலு நாட் கழித்து நிகழ்ந்த ஒன்று. தவணை முடிந்தவர்கள் வீடு செல்ல ஆயத்தமாய் நின்றனர். வாஷிங்டன் அணியின் முன் குதிரையில் வந்து, இன்னும் ஆறு கிழமை நில்லுங்கள், தலைக்குப் பத்து டொலர் தருவோம் என்று கேட்டார். முரசு கொட்டியது. ஒருவரும் முன்வரவில்லை. குதிரையைத் திருப்பிச் சிறிது தூரம் சென்றவர் மீண்டும் வந்து, கட்டளையிடும் குரலிலன்றி வேண்டிக்கொள்ளும் குரலிலே, அவர்களின் களைப்பையுந் துன்பத்தையுந் தாம் அறிவதாகவும், அவர்களையன்றி வேறெவரையும் கேட்பதற்கில்லையெனவும் கூறினார். ஒருவரையொருவர் பார்த்தனர். ஒருவர் அடியெடுத்து வைத்தார். பின் பலர் வந்தனர். சில நாளில் அவர்களுட் சிலர் பிரின்ஸ்டன் போர்க்களத்தில் வீழ்ந்தனர். அப்போருக்கு முதல் நாள் இரவு கோர்ன்வாலிஸ், காலையிற் பிடித்துவிடலாமென்று எதிர்க்கரையில் உறங்கினார். பாசறைத் தீயை எரியவிட்டு வாஷிங்டன் பக்கவழியால் அவரைச் சுற்றிச் சென்றுவிட்டார்.

துவக்கினும் கொடியதாய்ப் படையைத் தின்றது வைசூரி. நம் முன்னோர் அம்மாள் வருத்தம் என்று அஞ்சிப் பெயர் சொல்லாதிருந்த அதே நோய். ஜென்னர் மாட்டம்மையைக்கொண்டு தடுப்பு முறை கண்டது 1796இல். அதற்கு முன்னிருந்த முறை, நோயாளியின் கொப்புளத்து நீரையே சுகதேகியின் தோலிற் கீறி ஏற்றுவது. சிலர் அதனால் இறப்பதுமுண்டு. கிழமைக்கணக்காகப் படையினர் படுக்கையிற் கிடக்க, எதிரி அறிந்தால் ஆபத்து. 1777இன் தொடக்கத்தில் வாஷிங்டன் படை முழுவதற்கும் அதனை இரகசியமாகச் செய்விக்கத் துணிந்தார். பார்படோசில் அந்நோயின் வேகத்தைத் தாமே அநுபவித்தவர் அவர். அவர் போர்களிற் செய்த எச்சூழ்ச்சியினும் இத்துணிவே மேலானதென்பது எமது கருத்து.

1777இல் பிலடெல்பியாவும் எதிரி கைப்பட்டது. ஆனால் வடக்கிலே சரட்டோகாவில் ஒக்ரோபர் 17ஆம் திகதி ஆங்கிலத் தளபதி பர்கொயினின் படை முழுதும் சரணடைந்தது. அது கேட்ட பிரெஞ்சு அரசு, பாரிசிலே முதியவர் பிராங்ளின் விடாது செய்த முயற்சியும் பயன்பட, 1778 பெப்புருவரியில் அமெரிக்கருடன் உடன்படிக்கை செய்தது. அந்த மாரியில் வாஷிங்டனின் படை பிலடெல்பியாவிலிருந்து 20 மைல் அளவிலுள்ள வலி போர்ஜ் என்னுமிடத்தில் மரக்குடில்களில் ஒடுங்கிக் கிடந்தது. ஏறக்குறைய 2,000 பேர் அங்கே நோயால் மாண்டனர். சுற்றியிருந்த நாடு வறண்ட நாடன்று. கமக்காரர் தானியத்தை ஆங்கிலேயரின் வெள்ளிப்பணத்துக்கு விற்றனர். காங்கிரசின் கடதாசிப் பணத்துக்கு மதிப்பில்லை, வரி விதிக்கக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை. ஆங்கிலம் அறியாத ஸ்டியூபன் என்னும் ஜேர்மானியர் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் அங்கே அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கோடையில் வெளிவந்தது வேறு படை.

போர் இப்பொழுது உலகப்போராயிற்று. அமெரிக்கருடன் வணிகஞ் செய்த ஒல்லாந்தர்மேலும் 1780 டிசெம்பரில் ஆங்கிலேயர் போர் தொடுத்தனர். அதன் பயனாக, அந்நாளில் ஒல்லாந்தர் வசமிருந்த திருகோணமலையை 1782 சனவரியில் ஆங்கிலேயர் பிடித்தனர். ஓகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுப்ரேன் அதனைக் கைப்பற்றினார். செப்டெம்பர் 3ஆம் திகதி அத்துறைக்கு வெளியே இரு கடற்படைகளும் பொருதன. பொஸ்டனிற் கொட்டிய தேயிலைக்கும் கோணேசர் மலைக்கு எதிரே முழங்கிய பீரங்கிக்கும் தொடர்புண்டென்று பள்ளிக்கூடத்தில் எவரும் நமக்குச் சொல்லவில்லை.

1781இல் வாஷிங்டன் நியூ யோர்க்கைத் தாக்கவே விரும்பினார். பிரெஞ்சுத் தளபதி ரொஷாம்போ வேர்ஜினியாவை விரும்பினார். தெற்கே போரிட்டு வந்த கோர்ன்வாலிஸ் அங்கே யோர்க்டவுன் என்னும் கடற்கரையூரில் தங்கியிருந்தார். பிரெஞ்சுக் கடற்படை செசபீக் விரிகுடாவுக்கு வருகின்றதென்ற செய்தி ஓகஸ்டில் வந்ததும், வாஷிங்டன் தம் விருப்பத்தை விட்டார். நியூ யோர்க்கைத் தாக்கப்போவதுபோற் பாண் வெதுப்பும் அடுப்புகளையுங் கட்டிவைத்து எதிரியை ஏமாற்றி, 400 மைலுக்கு மேல் தெற்கே நடந்தார். வழியிலே ஆறு ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாகத் தம் வீட்டைக் கண்டார். செப்டெம்பர் 5ஆம் திகதி பிரெஞ்சுக் கப்பல்கள் ஆங்கிலக் கப்பல்களைத் துரத்திவிட, கோர்ன்வாலிசுக்குக் கடல் அடைபட்டது. முற்றுகை மூன்று கிழமைதான். ஒக்ரோபர் 19ஆம் திகதி 7,000க்கு மேற்பட்டோர் ஆயுதங்களைக் கீழே வைத்தனர். கோர்ன்வாலிஸ் சுகவீனமென்று சொல்லி வரவில்லை. துணைத்தளபதி ஓஹாரா வந்து வாளை ரொஷாம்போவிடம் நீட்டினார். அவர் வாஷிங்டனைச் சுட்டினார். வாஷிங்டன், துணைவர் வந்தால் துணைவரே ஏற்பரென, முன்னாண்டு சாள்ஸ்டனில் ஆங்கிலேயரிடம் சரணடைந்திருந்த தம் துணைவர் லிங்கனைச் சுட்டினார். இக்கோர்ன்வாலிஸ் பிரபுதாம் 1786இல் இந்தியாவின் மகாதேசாதிபதியாகி, 1792இல் திப்பு சுல்தானின் இரு மைந்தரைப் பிணையாகப் பெற்றவர்.

போர் நின்றது, சமாதானம் வரவில்லை, சம்பளமும் வரவில்லை. 1783 மார்ச்சில் நியூபேர்க் பாசறையில் அதிகாரிகளிடையே பெயரில்லாத ஒரு கடிதம் உலாவிற்று. பாக்கிப் பணம் தராத காங்கிரசைப் படைகொண்டு மிரட்ட வேண்டுமென்பது அதன் கருத்து. வெற்றி பெற்ற படை தன் நாட்டின் மேலேயே திரும்பும் தறுவாய். அதற்கு முன்னாண்டே வாஷிங்டன் அரசராக வேண்டுமென்று ஓர் அதிகாரி எழுதி, கடுமையான மறுமொழி பெற்றிருந்தார். மார்ச் 15ஆம் திகதி கூட்டத்துக்கு எவரும் எதிர்பாராதபடி வாஷிங்டன் நுழைந்தார். எழுதிவந்த உரையை வாசித்தார். முகங்கள் இளகவில்லை. பின்னர்க் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் கடிதத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். எழுத்து விளங்கவில்லை, தடுமாறினார். சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார். அவர் கண்ணாடி அணிவதை அவர்களுட் பெரும்பாலோர் கண்டதில்லை. நாட்டின் பணியில் மயிர் நரைத்தது போலக் கண்ணும் மங்கிவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கூறி அணிந்துகொண்டார். பல போர்களைக் கண்ட அம்மனிதர் கண் கலங்கினர். அவர் சென்றபின் சதி கலைந்தது. இவ்வளவும் திட்டமிட்ட நாடகமோவென்று ஐயுறுவாரும் உளர். நாடகமாயினும் ஆகுக. வாள் உருவப்படாது உறையில் நின்றது மெய்.

செப்டெம்பர் 3ஆம் திகதி பாரிசிலே சமாதானம் ஒப்பமாயிற்று. டிசெம்பர் 23ஆம் திகதி அனாப்பொலிஸ் நகரில், இருபது பேரளவிற் கூடியிருந்த காங்கிரசின் முன் வாஷிங்டன் நின்றார். கடதாசியைப் பிடித்த கை நடுங்கிற்று. எட்டாண்டுகளுக்கு முன் தமக்களித்த நியமனப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் மாலை வீட்டிலிருந்தார். அதற்கு முன்னும் பின்னும் வென்ற தளபதிகள் செய்ததென்னவென்பதைச் சரித்திர மாணவர் அறிவர். 1789இல் தேர்வாளர் யாவரும் ஒருமுகமாகத் தெரிந்து அவரை முதற் சனாதிபதியாக்கியதும், இரு தவணை ஆண்டு 1797இல் தாமாகவே விலகியதும் வேறொரு கட்டுரைக்குரியன. 1799 டிசெம்பர் 14ஆம் திகதி தொண்டைநோயால் இறந்தார். வைத்தியர்கள் ஒரே நாளிற் பலமுறை குருதி வடித்தமை அம்முடிவை விரைவுபடுத்தியிருக்கும்.

இனி எமது மனக்குறை. போர் தொடங்கியபோது கறுப்பினத்தாரைப் படையிற் சேர்க்க வாஷிங்டன் தடை விதித்தார். கிளர்ச்சிக்காரரை விட்டு வரும் அடிமைகளுக்கு விடுதலை தருவதாக வேர்ஜினியாவின் ஆங்கிலத் தேசாதிபதி 1775 நவம்பரில் அறிவித்த பின்பே, ஏலவே பணியாற்றிய சுதந்திரக் கறுப்பர் மீண்டும் சேர இடங்கொடுத்தார். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 5,000 பேர் அமெரிக்கர் பக்கத்திற் பணிபுரிந்தனர். மறுபக்கம் ஓடியவர் அதனினும் பலர். 1781இல் மவுண்ட் வேர்ணனிலிருந்தே பதினேழு பேர் ஆங்கிலப் போர்க்கப்பலொன்றுக்குச் சென்றுவிட்டனர். யோர்க்டவுன் வெற்றிக்குப்பின் அவர்களிற் சிலர் பிடித்து மீட்கப்பட்டனர். 1783இல் நியூ யோர்க்கை விட்டுப் புறப்பட்ட ஆங்கிலத் தளபதி கார்ல்டனிடம், தப்பி வந்தவர்களைத் திருப்பித் தரவேண்டுமென்று வாஷிங்டன் நேரிற் கேட்டார். விடுதலை வாக்குக் கொடுத்துவிட்டோம், மீறமாட்டோம் என்று கார்ல்டன் மறுத்தார். அக்கப்பல்களில் ஏறி ஏறக்குறைய 3,000 கறுப்பின மக்கள் நோவா ஸ்கோஷியா சென்றனர். மவுண்ட் வேர்ணன் குதிரைலாயத்திற் பணிசெய்து தப்பியோடிய ஹரி வாஷிங்டன் என்பவரும் அவர்களுள் ஒருவர். அன்று அந்த ஒரு மேசையின் முன், சுதந்திரத்துக்காக வாதாடியவர் அரசரின் தளபதி. இதனை எழுதுவதற்கு எமக்கு மகிழ்ச்சியில்லை, எழுதாது விடவும் இயலவில்லை.

அவர் மனம் ஆண்டுதோறும் மாறிவந்ததற்குக் கடிதங்கள் சான்று. எனினும் வெளிப்படையாக ஒரு சொல்லுங் கூறாதே இருந்தார். சனாதிபதியாயிருந்த 1796இலும், மார்த்தாவின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ் பிலடெல்பியாவிலிருந்து தப்பியபோது, மீட்டுவர ஆளனுப்பினார். கிடைக்கவில்லை. இறப்பதற்குச் சில மாதங்களின் முன் தம் கைப்பட எழுதிய மரணசாதனத்திற் கடைசியாகத் துணிந்தார். மவுண்ட் வேர்ணனில் அப்பொழுதிருந்த அடிமைகள் 317 பேர். அவர்களுள் 123 பேரே அவருடைய உடைமை. அவர்களை மார்த்தாவின் காலத்துக்குப்பின் விடுவிக்கவும், முதியோரைப் பராமரிக்கவும், பிள்ளைகளுக்கு எழுத்தும் தொழிலும் கற்பிக்கவும் பணித்தார். மார்த்தா தம் மரணம் வரையிற் காத்திராது 1801 சனவரி முதலாந் திகதி அவர்களை விடுவித்தார். ஏனையோரிற் பெரும்பாலோர் கஸ்டிஸ் குடும்பத்தின் சொத்தாதலால், பிற்காலத்திற் பேரப்பிள்ளைகளிடையே பங்கிடப்பட்டனர். கணவன் ஒருவர் உடைமை, மனைவி மற்றொருவர் உடைமையென்றிருந்த குடும்பங்கள் பிரிந்தன.

அம்மரணசாதனத்தில் உடனடி விடுதலை பெற்றவர் ஒருவர் மாத்திரமே. அவர் பெயர் வில்லியம் லீ. எட்டாண்டுப் போரிலும் வாஷிங்டனின் பின்னே குதிரையிற் சென்றவர். அவருடைய கடதாசிகளைக் காத்தவர். வலி போர்ஜிலும் யோர்க்டவுனிலும் உடன் நின்றவர். போருக்குப் பின் இரு முழங்காலும் முறிவுற்று நடக்கமாட்டாதவராகி, மவுண்ட் வேர்ணனிலே சப்பாத்துத் தைத்துக் காலங்கழித்தார். ஆண்டுக்கு முப்பது டொலர் உதவிப்பணத்தோடு, விரும்பினால் அங்கேயே இருக்கலாமென்று எழுதியிருந்தது. அவர் அங்கேயே இருந்தார். தலைவரின் சமாதியைக் காணவந்த பழைய போர்வீரர்கள், அதனைக் கண்டபின் அவருடைய தொழிற்கொட்டிலுக்குஞ் சென்று, அவரோடு சிறிது நேரம் பழைய நாட்களைப் பற்றிப் பேசியிருந்துவிட்டே ஊர் திரும்புவர்.